மூடிய தட்டில் வந்த நான்கு பிஸ்கட்டுகள்: அமெரிக்கத் தென்மாநிலச் சமையலில் நாங்கள் பட்டதும் கற்றதும்

மேக்கன், ஜார்ஜியா

இந்த ஊருக்குக் குடிவந்த முதல் வாரத்தில், பக்கத்து வீட்டு மூதாட்டி ஒரு தட்டைத் துணியால் மூடிக்கொண்டு வந்து நின்று, “பிஸ்கட் கொண்டு வந்திருக்கிறேன்” என்றார். தேநீரில் தோய்த்துத் தின்கிற வில்லைகளை எதிர்பார்த்துத் துணியை விலக்கினால், உள்ளங்கை அகலத்தில், இரண்டு விரற்கடை உயரத்தில், பிட்டவுடன் அடுக்கடுக்காகப் பிரிந்து ஆவி விடுகிற நான்கு ரொட்டிகள் இருந்தன. அவற்றைத் தின்று முடித்த மறுநாளே செய்முறையைக் கேட்டுக்கொண்டு அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

பொருள்கள் மூன்றுதான்: பேக்கிங் பவுடரும் உப்பும் ஏற்கெனவே கலந்து விற்கப்படும் மைதா 2 கோப்பை, குளிர்ந்த வெண்ணெய் கால் கோப்பை, பட்டர்மில்க் முக்கால் கோப்பை. (சாதாரண மைதா மட்டும் இருந்தால், ஒரு கோப்பைக்கு ஒன்றரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடரும் கால் தேக்கரண்டி உப்பும் சேர்த்துக்கொள்ளலாம்.) வெண்ணெயை மாவில் விரல் நுனியால் பட்டாணி அளவுக்கு உதிர்த்து, பட்டர்மில்க்கை ஊற்றி, மாவு ஒன்றுசேர்ந்தவுடன் கையை எடுத்துவிட வேண்டும். நானோ, சப்பாத்திக்குப் பிசைந்தே பழகிய கை என்பதால், பத்து நிமிடம் அழுத்திப் பிசைந்துவிட்டேன். ஓவனிலிருந்து வெளிவந்தவற்றைக் கொண்டு சுவரில் ஆணி அடித்திருக்கலாம். மூதாட்டி ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, மாவின் மேல் எனக்கு என்ன கோபம் என்று கேட்டார்.

பிசையப் பிசைய மாவில் பசைத்தன்மை கூடி, பிஸ்கட் எழும்பாமல் இறுகிவிடுகிறது என்பதே காரணம். தென்மாநிலத்தார் மென்மையான குளிர்காலக் கோதுமையில் அரைத்த, புரதம் குறைந்த மாவைத் தேடி வாங்குவதும் இதற்காகத்தான். டென்னசியின் நாக்ஸ்வில்லில் 1883-இல் தொடங்கப்பட்ட ஒயிட் லில்லி மாவுக்கு இன்றும் அத்தனை பற்று இங்கே இருக்கிறது. மாவை மூன்று நான்கு முறை மடித்துத் தட்டி, வட்ட அச்சை நேராக அழுத்தி எடுக்க வேண்டும். அச்சைத் திருகினால் ஓரங்கள் ஒட்டிக்கொண்டு ஒருபக்கமாகச் சாய்ந்து எழும்பும். 450 டிகிரி பாரன்ஹீட்டில் 12 முதல் 15 நிமிடம் போதும்.

பட்டர்மில்க் என்பது நம் நீர்மோர் அன்று. புளிக்க வைத்த கெட்டியான பால். கெட்டித் தயிரில் சிறிது பால் விட்டுக் கலக்கினால் ஏறத்தாழ அதே பதம் கிடைக்கிறது.

தென்மாநிலங்களில் வாழ்கிற மற்றவர்கள், வீட்டில் எளிதாகச் செய்து பார்த்த உணவுகளையும், அவற்றை யாரிடம் எப்படிக் கற்றீர்கள் என்பதையும் எழுத வேண்டுகிறேன்.

நாஷ்வில், டென்னசி

பிஸ்கட்டை விட எளிது கார்ன்பிரட் என்னும் மக்காச்சோள ரொட்டி. ஆனால் அதற்கு வார்ப்பிரும்புச் சட்டி வேண்டும். எனக்கு அந்தச் சட்டியை இரவல் கொடுத்தவர் என்னுடன் பணிபுரிபவர். அது அவருடைய பாட்டியின் சட்டி. சமைத்து முடித்ததும், நல்ல பெயர் வாங்கும் ஆசையில், அதைச் சோப்பு நீரில் இரவு முழுவதும் ஊறப்போட்டேன். காலையில் சட்டி முழுக்கத் துரு. ஊரில் அம்மா தோசைக்கல்லை அப்படி ஊறவைத்திருந்தால் நானே சத்தம் போட்டிருப்பேன் என்பது அப்போதுதான் உறைத்தது. துருவைத் தேய்த்து எடுத்து, எண்ணெய் தடவி, ஓவனில் மூன்று முறை சுட்டு, கல்லைப் பழக்குவது போலவே பழக்கித் திருப்பிக் கொடுத்தேன், நடந்ததையும் சொல்லிவிட்டேன். பிறகு எனக்கென்று ஒரு சட்டி வாங்கினேன். இம்மாநிலத்தின் சவுத் பிட்ஸ்பர்க் என்னும் சிற்றூரில் 1896 முதல் வார்ப்பிரும்புச் சட்டிகளை வார்த்து வருகிறார்கள். கார்ன்பிரட்டுக்கென்றே ஆண்டுதோறும் திருவிழா நடப்பதும் அதே ஊரில்தான்.

ஒன்றரைக் கோப்பை மக்காச்சோள மாவு, அரைக் கோப்பை மைதா, இரண்டு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், அரைத் தேக்கரண்டி சமையல் சோடா, ஒரு தேக்கரண்டி உப்பு ஆகியவற்றுடன் ஒரு முட்டையும் ஒன்றரைக் கோப்பை பட்டர்மில்க்கும் சேர்த்துக் கலக்குங்கள். இரண்டு மேசைக்கரண்டி வெண்ணெயோ பன்றிக் கொழுப்போ இட்ட சட்டியை 450 டிகிரி ஓவனில் நன்றாகச் சூடேற்றி, அதில் மாவை ஊற்ற வேண்டும். ஊற்றும்போது ‘சுர்’ரென்ற ஓசை எழாவிட்டால் சட்டி காயவில்லை என்று பொருள், அடிப்பக்கம் மொறுகாது. 20 முதல் 25 நிமிடத்தில் வெந்துவிடும். சர்க்கரை சேர்க்கலாமா என்று இங்கே யாரிடமும் கேட்டுவிடாதீர்கள். சேர்த்தால் அது கேக் என்பார்கள். மிஞ்சிய கார்ன்பிரட்டை உயரமான குவளையில் உதிர்த்துப் போட்டு, குளிர்ந்த பட்டர்மில்க்கை ஊற்றிக் கரண்டியால் உண்பது முதியவர்களின் வழக்கம். பழைய சோற்றில் மோர் விட்டு உண்டு வளர்ந்த எனக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சார்ல்ஸ்டன், தென் கரோலினா

என் அனுபவம் கிரிட்ஸ் பற்றியது. பார்வைக்கு வெள்ளை ரவையைப் போல இருந்ததால், கடுகு தாளித்து, இரண்டு பங்கு நீர் விட்டு, ஐந்து நிமிடத்தில் உப்புமாவாகக் கிளறி இறக்கினேன். பல்லில் மணல் கடிபட்டது போல இருந்தது. இது கரகரப்பாக உடைத்த மக்காச்சோளம். கல் இயந்திரத்தில் அரைத்ததாக இருந்தால் ஒரு பங்குக்கு நான்கு பங்கு நீரோ, நீரும் பாலும் கலந்தோ விட்டு, சிறு தீயில் முக்கால் மணி நேரம் அடிக்கடி கிளற வேண்டும். இறுதியில் உப்பும் வெண்ணெயும் சேர்த்தால் போதும். ஐந்து நிமிட வகையும் கடையில் உண்டு. அது பசிக்கு உதவும், சுவைக்கு உதவாது. (ஜார்ஜியா நண்பருக்கு ஒரு செய்தி: உங்கள் மாநிலம் 2002-இல் கிரிட்ஸைத் தன் அதிகாரபூர்வச் சமைத்த உணவாகவே அறிவித்திருக்கிறது.)

புத்தாண்டு நாளில் இங்கே வீட்டுக்கு வீடு ‘ஹாப்பின் ஜான்’ செய்கிறார்கள். நம் வெள்ளைத் தட்டைப்பயறும் அரிசியும்தான். ஊறிய பயற்றை வெங்காயத்தோடும் புகையூட்டிய பன்றி இறைச்சித் துண்டோடும் பாதிக்கு மேல் வேகவைத்து, அந்த நீரிலேயே அரிசியைச் சேர்த்து மூடி வேகவைப்பார்கள். அதனுடன் கீரையும் கார்ன்பிரட்டும் உண்டால், பயறு நாணயமாகவும், கீரை பணத்தாளாகவும், கார்ன்பிரட் பொன்னாகவும் ஆண்டு முழுவதும் வந்து சேரும் என்பது நம்பிக்கை. எங்கள் தெருவில் இதைச் செய்து கொடுத்தவர் குல்லா கீச்சி சமூகத்துப் பெண்மணி; இக்கடற்கரைக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். அவர் பானையைக் காட்டி, “இது கப்பலில் வந்த சாப்பாடு” என்றார். தட்டைப்பயறு மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. இக்கடற்கரையின் சதுப்பு நிலங்களில் நெல் விளைந்ததும் அங்கிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் உழைப்பாலும் உழவறிவாலும்தான். அவர் சொன்னதற்குப் பிறகு, சாம்பார்ப் பொடி போட்டு அதை ‘மேம்படுத்தும்’ எண்ணத்தை நான் கைவிட்டேன்.

பர்மிங்ஹாம், அலபாமா

நான் சைவம். ஒரு தேவாலய விருந்தில் காலர்ட் கீரையைக் கண்டு மகிழ்ந்து, இதில் இறைச்சி உண்டா என்று விசாரித்தேன். “இல்லவே இல்லை, ருசிக்காகப் பன்றிக்கால் எலும்பு மட்டும் போட்டோம்” என்று மிகுந்த அன்போடு பதில் வந்தது. அதன்பின் வீட்டிலேயே செய்து கொள்கிறேன். நடுத்தண்டை நீக்கி நறுக்கிய கீரையை, வதக்கிய வெங்காயம், பூண்டு, புகையூட்டிய மிளகாய்த்தூள் ஆகியவற்றுடன் கீரை மூழ்கும் அளவுக்கு நீர் விட்டு ஒரு மணி நேரம் வேகவைத்து, இறக்கும்போது சிறிது வினிகர் விட வேண்டும். வெந்த நீரைக் கொட்டிவிடாதீர்கள்; ‘பாட் லிக்கர்’ எனப்படும் அச்சாறே இந்த உணவின் உயிர். கார்ன்பிரட்டை அதில் தோய்த்து உண்பதா, உதிர்த்துப் போட்டு உண்பதா என்று 1931-இல் லூசியானாவின் ஆளுநராக இருந்த ஹியூயி லாங்குக்கும் அட்லாண்டா நாளிதழ் ஒன்றுக்கும் இடையே வாரக்கணக்கில் விவாதமே நடந்தது. நான் உதிர்க்கும் கட்சி.

நியூ ஆர்லியன்ஸ், லூசியானா

சுருக்கமாகச் சொல்கிறேன். இங்கே திங்கட்கிழமை என்றால் ராஜ்மாவும் சோறும். திங்கள் துணி துவைக்கும் நாளாக இருந்ததால், ஞாயிற்றுக்கிழமை மிஞ்சிய எலும்பைப் பயற்றோடு அடுப்பில் ஏற்றிவிட்டுத் துவைக்கப் போய்விடுவார்கள் என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். இவ்வூரில் பிறந்த ஜாஸ் இசைக்கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் தம் கடிதங்களைக்கூட இவ்வுணவின் பெயரைச் சொல்லி முடிப்பாராம். வெங்காயம், செலரி, பச்சைக் குடைமிளகாய் மூன்றையும் வதக்கி, இரவு ஊறிய ராஜ்மா 450 கிராம், பூண்டு, பிரிஞ்சி இலை, நீர் சேர்த்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேகவிட்டு, சிறிதளவு பயற்றைப் பானையின் ஓரத்தில் அழுத்தி மசித்தால் குழம்பு தானே கெட்டியாகும். ‘ஸ்லோ குக்கர்’ எனப்படும் மின்சார மெதுவடுப்பைப் பயன்படுத்துவோர் பயற்றை முதலில் குறைந்தது பத்து நிமிடம் தளதளவென்று கொதிக்கவைத்தே அதில் இட வேண்டும். வேகாத ராஜ்மாவில் வயிற்றைக் கெடுக்கும் நச்சு உண்டு. நான் இதை அறியாமல் ஒரு செவ்வாய்க்கிழமை முழுவதையும் இழந்தேன்.

மேக்கன், ஜார்ஜியா

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. மூதாட்டியின் தட்டு இத்தனை நாளும் என்னிடம்தான் இருந்தது. வெறுந்தட்டைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. சென்ற சனிக்கிழமை அவர் தொலைபேசியிலேயே பீச் காப்ளர் என்னும் பழ இனிப்பைச் சொல்லிக் கொடுத்தார். 113 கிராம் வெண்ணெயை ஓவன் பாத்திரத்தில் உருக்கி, பிஸ்கட்டுக்கு வாங்கும் அதே பேக்கிங் பவுடர் கலந்த மைதா, சர்க்கரை, பால் மூன்றும் ஒவ்வொரு கோப்பை கலந்த கரைசலை அதன்மேல் ஊற்றி, சர்க்கரையில் புரட்டிய பீச் துண்டுகளைப் பரப்பி, 350 டிகிரியில் ஏறத்தாழ 50 நிமிடம் வைக்க வேண்டும். எக்காரணம் கொண்டும் கிளறக் கூடாது. நான் கிளறவில்லை, மாவு தானாகவே பழத்தைத் தாண்டி மேலெழுந்து பொன்னிறமானது. ஒரு பெரிய துண்டைத் தட்டில் வைத்து, அவருடைய துணியாலேயே மூடிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இப்போது பழக்காலம் முடியப் போகிறது. உறைந்த பீச்சில் செய்தவர்கள், எத்தனை நிமிடம் கூடுதலாக வைத்தீர்கள் என்று தெரிவியுங்கள்.