ஆற்காடு என்று தேடினால் வட ஆற்காடும் வரும்: டாக்கர் நெட்வொர்க் பட்டியல் அனுபவங்கள்

கோட்டைமதில், வேலூர்:

நம்ம பக்கத்துச் சின்ன ஆபீஸ்களில் ஒரே சர்வர்தான் இருக்கும். அதில் ஆளாளுக்கு ஒரு கம்போஸ் ப்ராஜெக்டை (டாக்கரில் ஒன்றாக ஓடும் கன்டெய்னர்களின் தொகுப்பு; கன்டெய்னர் என்றால் ஒரு மென்பொருளைத் தனியாக அடைத்து ஓட்டும் பெட்டி) ஏற்றிவிட்டுப் போய்விடுவார்கள். சில மாதம் கழித்து, அந்தக் கன்டெய்னர்கள் பேசிக்கொள்ளும் நெட்வொர்க்குகளின் பட்டியலைக் கேட்டு 'டாக்கர் நெட்வொர்க் எல்எஸ்' அடித்தால் திரை நிறைய பெயர்கள். எது யாருடையது, எது உயிரோடு இருக்கிறது, எதை எடுத்தால் யார் போன் செய்வார்கள் என்று ஒன்றும் தெரியாது. இந்தப் பட்டியலோடு உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள். நான் ஆரம்பிக்கிறேன்.

ராணிப்பேட்டையில் தோல் பொருள் விற்கும் ஒரு கம்பெனிக்குக் கணக்கு மென்பொருளைப் பார்த்துக்கொள்கிறேன். கிளைக்கு ஒரு கம்போஸ் ப்ராஜெக்ட். முதலாளிக்குப் பழைய பெயர்கள் மேல் பிரியம். வட ஆற்காடு மாவட்டத்தை 1989-இல் இரண்டாகப் பிரித்தார்கள், 2019-இல் வேலூரையும் மூன்றாக்கினார்கள். ஆனாலும் தலைமை அலுவலகத்து ஃபோல்டருக்குப் பெயர் இன்னும் 'வடஆற்காடு'தான். கம்போஸ் ஃபோல்டர் பெயரை எடுத்து நெட்வொர்க்குக்கு வைத்துவிடும் என்பதால் 'வடஆற்காடு_டிஃபால்ட்' என்று ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் ஆற்காட்டில் கிளை திறந்ததும் 'ஆற்காடு_டிஃபால்ட்' வந்தது.

ஆற்காடு கிளையை வேறு சர்வருக்கு மாற்றிய பிறகு பழைய நெட்வொர்க்கை எடுக்க வேண்டியிருந்தது. எங்களிடம் புதிதாகச் சேர்ந்த தம்பி 'டாக்கர் நெட்வொர்க் ஆர்எம் $(டாக்கர் நெட்வொர்க் எல்எஸ் -க்யூ --ஃபில்டர் நேம்=ஆற்காடு)' என்று அடித்து, என்டரைத் தட்டப் போனார். உள்ளே இருக்கும் எல்எஸ் பெயரைத் தேடி ஐடிகளை மட்டும் எடுக்கும், வெளியே இருக்கும் ஆர்எம் அவற்றை அழிக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் கையைப் பிடிக்க முடிந்தது. நேம் ஃபில்டர் முழுப் பெயரைப் பார்ப்பதில்லை. பெயரில் எங்கேயாவது அந்தத் துண்டு இருந்தாலே பிடித்துக்கொள்ளும். அதாவது அந்த வரி வட ஆற்காட்டையும் சேர்த்தே எடுத்துக் கொடுக்கும்.

கன்டெய்னர் ஓடிக்கொண்டிருந்தால் ஆர்எம் மறுத்துவிடும், பயமில்லை. ஆனால் அன்றைக்குப் பேக்கப்புக்காகத் தலைமை அலுவலகத்துக் கன்டெய்னர்களை நிறுத்தி வைத்திருந்தோம். நிறுத்திய கன்டெய்னரை டாக்கர் கணக்கில் எடுக்காது, நெட்வொர்க்கைச் சத்தமில்லாமல் அழித்துவிடும். மறுபடி ஸ்டார்ட் செய்யும்போதுதான் 'நெட்வொர்க் நாட் ஃபவுண்ட்' என்று வரும். அப்படி ஆனால் கம்போஸ் அப்போடு --ஃபோர்ஸ்-ரீகிரியேட் சேர்த்து ஓட்டினால் சரியாகும், ஆனால் காலை பத்து மணிக்குக் கல்லாவில் ஆள் நிற்கும்போது யாருக்கு அது வேண்டும்?

நேம் ஃபில்டரில் ரெஜெக்ஸ் (எழுத்துக் கோலத்தைச் சொல்லித் தேடும் முறை) வேலை செய்யும், அதில் ^ என்றால் பெயரின் தொடக்கம். 'நேம்=^ஆற்காடு_' என்று மேற்கோளுக்குள் கொடுத்தால் முன்னால் 'வட' ஒட்டியது வராது.

மஞ்சள்துண்டு, குடியாத்தம்:

பெயர் விஷயத்தில் இன்னொன்று. 'நேம்=பிரிட்ஜ்' வேறு, 'டிரைவர்=பிரிட்ஜ்' வேறு (டிரைவர் என்றால் நெட்வொர்க்கின் வகை). முதலாவதில் டாக்கர் தானே வைத்திருக்கும் பிரிட்ஜ் வரும், ஸ்வார்ம் (பல கணினிகளை ஒன்றாக இணைக்கும் டாக்கர் வசதி) போட்டிருந்தால் பெயருக்குள் பிரிட்ஜ் இருப்பதால் 'டாக்கர்_ஜிடபிள்யூபிரிட்ஜ்' கூட வரும். நாம் உருவாக்கியவை, பெயரில் பிரிட்ஜ் இல்லாவிட்டால், வராது. இரண்டாவதில் கம்போஸ் உருவாக்கியவை எல்லாம் வரும்.

'நன்' என்ற நெட்வொர்க்கின் டிரைவர் பெயர் 'நல்'. அதனால் 'டிரைவர்=நன்' என்று கேட்டால் தலைப்பு வரி மட்டும் வந்து நிற்கும். பிழைச் செய்தி கிடையாது. டிரைவர் பெயரில் எழுத்துப் பிழை செய்தாலும் இதே கதைதான். காலிப் பட்டியலைப் பார்த்து 'ஒன்றும் இல்லை' என்று முடிவு கட்டிய ஆட்களை நான் பார்த்திருக்கிறேன்.

பாலாற்றுமணல், ஆம்பூர்:

என் கதை கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஷூ ஏற்றுமதிக் கம்பெனி. ஆம்பூரில் சர்வர், வாணியம்பாடியில் கிளை. கிளையில் இருக்கும் லேபிள் பிரின்டருக்கு இங்கிருந்துதான் பிரின்ட் போகும். ஒருநாள் மத்தியானத்திலிருந்து போகவில்லை. வாணியம்பாடியில் இருப்பவர் 'சார், எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு' என்கிறார். இங்கே என் லேப்டாப்பிலிருந்து பிங் போகிறது, பக்கத்து மேசையிலிருந்தும் போகிறது. சர்வரிலிருந்து மட்டும் போகவில்லை. ரூட்டரைச் சந்தேகப்பட்டோம், கேபிளைச் சந்தேகப்பட்டோம், பிரின்டரை ஆஃப் செய்து ஆன் செய்தோம்.

கடைசியில் சர்வரில் 'ஐபி ரூட் கெட்' என்று பிரின்டர் முகவரியைக் கொடுத்துப் பார்த்தால், பாக்கெட் ரூட்டர் பக்கமே போகவில்லை. 'பிஆர்-' என்று ஆரம்பித்து ஏதோ பன்னிரண்டு எழுத்து கொண்ட இன்டர்ஃபேஸுக்குள் போய் விழுகிறது. அந்தப் பன்னிரண்டு எழுத்துதான் நெட்வொர்க் ஐடியின் முதல் பன்னிரண்டு. 'டாக்கர் நெட்வொர்க் எல்எஸ் -எஃப் ஐடி=' என்று அதைக் கொடுத்ததும் ஆள் அகப்பட்டார். அன்று காலை ஒரு டெவலப்பர் சோதனைக்காக ஏற்றிய ப்ராஜெக்ட்.

காரணம் இதுதான். சப்நெட் (ஐபி முகவரிகளின் தொகுதி) சொல்லாமல் நெட்வொர்க் உருவாக்கினால் டாக்கர் தன் கையிருப்பிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுக்கும். 172.17 அதன் சொந்த பிரிட்ஜுக்கு. அடுத்து 172.18 முதல் 172.31 வரை ஒவ்வொன்றாக, எல்லாம் /16 (சாய்கோட்டுக்குப் பின் எண் பெரிதானால் தொகுதி சிறிது). அவை தீர்ந்ததும் 192.168-ஐ /20 துண்டுகளாக வெட்ட ஆரம்பிக்கும். மொத்தமே 31 தான். சர்வர் நேரடியாக இருக்கும் வலையை அது பார்த்து விலகிக்கொள்ளும். எங்கள் ஆபீஸ் 192.168.1, அதனால் முதல் துண்டை விட்டுவிட்டு 192.168.16.0/20-ஐ எடுத்தது. அந்தத் துண்டு 192.168.31 வரை நீளும். வாணியம்பாடி 192.168.20. ரூட்டருக்கு அந்தப் பக்கம் இருக்கும் கிளை டாக்கருக்கு எப்படித் தெரியும்?

எல்எஸ் பட்டியலில் ஐடி, பெயர், டிரைவர், ஸ்கோப் என்று நான்கே பத்திகள். சப்நெட் இல்லை. அதைப் பார்க்க எல்லா ஐடியையும் -க்யூ போட்டு எடுத்து 'நெட்வொர்க் இன்ஸ்பெக்ட்'டுக்குக் கொடுத்து, சப்நெட் என்ற வரியை மட்டும் கிரெப் மூலம் தேடி எடுக்க வேண்டும். டாக்கர்காரர்கள் அதை ஐந்தாவது பத்தியாகப் போட்டிருக்கலாம் என்பது என் மனக்குறை.

'--ஃபில்டர் டேங்லிங்=ட்ரூ' அடித்தால் யாரும் பயன்படுத்தாதவை மட்டும் வரும். பாதிக்கு மேல் அந்தப் பட்டியலில் இருந்தன. நிறுத்தி வைத்த கன்டெய்னர்கள் எவை என்று ஆட்களைக் கேட்டு உறுதி செய்துகொண்டு (கோட்டைமதில் அண்ணன் சொன்ன அதே காரணம்) மற்றதை அழித்தோம். பிறகு டாக்கரின் அமைப்புக் கோப்பான டீமன்.ஜேசானில் டிஃபால்ட் அட்ரஸ் பூல்ஸ் என்ற இடத்தில் 10-இல் ஆரம்பிக்கும் ஒரு பகுதியை /24 துண்டுகளாகக் கொடுத்து டாக்கரை ரீஸ்டார்ட் செய்தோம். ஏற்கெனவே இருக்கும் நெட்வொர்க்குகள் பழைய சப்நெட்டிலேயேதான் இருக்கும், புதிதாக வருபவைதான் மாறும். அந்தச் சோதனை ப்ராஜெக்டை டவுன் செய்து அப் செய்ததும் பிரின்டர் ஓட ஆரம்பித்தது.

விடுதி அறை, காட்பாடி:

அண்ணா, நான் படிக்கிற பையன். ப்ராஜெக்டுக்காக இரண்டு லேப்டாப்பை ஸ்வார்மில் சேர்த்தோம். மேனேஜரில் (ஸ்வார்மை நடத்தும் என் லேப்டாப்) உருவாக்கிய ஓவர்லே நெட்வொர்க் (பல கணினிகளுக்குப் பொதுவானது) வொர்க்கரான நண்பனின் லேப்டாப்பில் எல்எஸ் அடித்தால் வரவே இல்லை. ஃபயர்வால் என்று நினைத்து ராத்திரி முழுக்க உட்கார்ந்தோம். அந்த நெட்வொர்க்கைப் பயன்படுத்தும் டாஸ்க் (ஸ்வார்ம் ஓட்டும் கன்டெய்னர்) ஒன்று அவன் லேப்டாப்புக்குப் போன பிறகு தானாக வந்துவிட்டது, ஸ்கோப் ஸ்வார்ம் என்று. வொர்க்கரில் அப்படித்தானாம்.

ஒரு சந்தேகம். 'டைப்=கஸ்டம்' (டாக்கர் தானே வைத்திருப்பவை தவிர மற்றவை) போட்டு எல்லாவற்றையும் எடுத்துவிடலாமா? பெயர் தேட வேண்டாமே.

நான்குவழிச்சாலை, வாலாஜாபேட்டை:

தம்பி, உன் சொந்த லேப்டாப்பில் தாராளமாகச் செய். பிரிட்ஜ், ஹோஸ்ட், நன் மூன்றையும் அது தொடாது. ஆனால் பலர் பயன்படுத்தும் சர்வரில் கஸ்டம் என்றால் எல்லாருடையதும் கஸ்டம்தான். அங்கே வேண்டாம்.

பெயரை நம்புவதைவிட லேபிளை (நெட்வொர்க்கில் ஒட்டி வைக்கும் குறிப்பு) நம்புவது நல்லது என்பது என் கட்சி. கம்போஸ் உருவாக்கும் ஒவ்வொரு நெட்வொர்க்கிலும் 'காம்.டாக்கர்.கம்போஸ்.ப்ராஜெக்ட்' என்ற லேபிள் இருக்கும். '--ஃபில்டர் லேபிள்=காம்.டாக்கர்.கம்போஸ்.ப்ராஜெக்ட்=ஆற்காடு' என்று கொடுத்தால் அப்படியே ஒத்துப்போவது மட்டும்தான் வரும், வட ஆற்காடு உள்ளே நுழையாது, ரெஜெக்ஸும் தேவையில்லை. கையால் உருவாக்கும்போது நாங்கள் '--லேபிள் ஓனர்=' போட்டே ஆக வேண்டும் என்று வைத்திருக்கிறோம். முதலில் முணுமுணுத்தார்கள், இப்போது பழகிவிட்டது.

ஃபில்டர்களைச் சேர்க்கும்போது கவனம். டைப்=கஸ்டம், டைப்=பில்ட்இன் என்று ஒரே வகையை இரண்டு முறை கொடுத்தால் இரண்டில் எதுவானாலும் வரும். லேபிளை இரண்டு முறை கொடுத்தால் இரண்டும் இருப்பதுதான் வரும். டிரைவரும் லேபிளும் என்று வேறு வேறு வகையாகக் கொடுத்தாலும் எல்லாம் பொருந்த வேண்டும்.

கோட்டைமதில், வேலூர்:

அந்த லேபிள் வரியை எங்கள் தம்பியிடம் கொடுத்துவிட்டேன். உருவான தேதியும் தெரிந்தால் நன்றாக இருக்கும், வழி உண்டா?

நான்குவழிச்சாலை, வாலாஜாபேட்டை:

--ஃபார்மேட்டில் நேம், கிரியேட்டட்அட் இரண்டையும் கொடுங்கள், வரும். ஒவ்வொரு முறையும் அடிக்க அலுப்பாக இருந்தால் ஹோம் ஃபோல்டரில் டாக்கரின் கான்ஃபிக்.ஜேசானில் 'நெட்வொர்க்ஸ்ஃபார்மேட்' என்று எழுதி வைத்துவிடுங்கள். அப்புறம் வெறும் எல்எஸ் அடித்தாலே தேதியோடு வரும். -க்யூ போட்டால் மட்டும் வழக்கம்போல ஐடிதான்.