வன்னிக் காட்டு வீதிகளில் மோட்டார் சைக்கிளில் போனவர்கள்: மறக்க முடியாமல் நிற்பது எது?

வெள்ளவத்தைவாசி:
கொழும்பிலிருந்து முல்லைத்தீவுக்கு நானும் மச்சானும் ஆளுக்கொரு மோட்டார் சைக்கிளில் போனோம். அதிவேகப் பாதையில் நமக்கு அனுமதி கிடையாது; ஆகவே நீர்கொழும்பு, புத்தளம், அநுராதபுரம் வழி. அப்பால் யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதி எல்லோருக்கும் தெரிந்தது, விட்டுவிடுகிறேன். மாங்குளத்தில் திரும்பி ஒட்டுசுட்டானை நெருங்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. ஒரு வளைவு தாண்டியதும் வீதி நடுவே தனியன் யானை. இருவரும் எஞ்சினை நிறுத்திவிட்டோம். கண்ணுக்கும் காதுக்கும் இடையில் மதநீர் வழிந்து கறுத்திருந்தது தெரிந்தது, அவ்வளவு கிட்ட.

எதிர்ப்புறமிருந்து ஒரு முதியவர் விறகு கட்டிய சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். ஓடவில்லை, ஒதுங்கவுமில்லை. "ஐயா, பிள்ளைகள் வீட்டுக்குப் போக வேண்டும், வழி விடு ராசா" என்றார், சாமியிடம் முறையிடும் குரலில். யானை வீதியோர மண்ணை அள்ளி முதுகில் வீசிவிட்டுத் தன்பாட்டில் காட்டுக்குள் இறங்கியது. அவர் எங்களைப் பார்க்கவே இல்லை. அந்தக் குரல் இன்னும் என் காதில் கிடக்கிறது.

கொட்டாஞ்சேனை:
யானையைப் பற்றியே எல்லோரும் எழுதுகிறீர்கள். வன்னியில் விறகுக்கும் தேனுக்கும் போகிறவர்களைக் கேளுங்கள், கரடிக்குத்தான் அதிகம் பயப்படுவார்கள். மடு மாதா கோயில் ஆடித் திருவிழாவுக்கு மனைவியோடு விடியற்காலையில் போய்க்கொண்டிருந்தேன். பாலைப்பழக் காலம். மரத்தடியில் தாய்க்கரடி, முதுகில் இரண்டு குட்டிகள். ஒரு குட்டியின் மூக்கு முழுக்கப் பழத்தின் பிசின். தாய் பின்னங்கால்களில் எழுந்து நின்று எங்களை மோப்பம் பிடித்தது. மனைவி என் சட்டையைப் பிடித்த பிடியில் பொத்தான் தெறித்தது. கோயில் வாசல் வரை இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

தெஹிவளை:
புத்தளம்–அநுராதபுரம் வீதியில் என்னையும் ஒரு யானை துரத்தியது, தப்பிவிட்டேன். அதை விடுங்கள். முதலில் எழுதியவருக்குச் சொல்கிறேன்: எஞ்சினை நிறுத்தக் கூடாது. தூரத்திலேயே நின்று, திருப்பி ஓடத் தயாராக எஞ்சினை ஓடவிட வேண்டும். ஹோர்ன் அடிக்கக் கூடாது, பெரிய வெளிச்சத்தைக் கண்ணில் அடிக்கக் கூடாது. காதை விரித்துத் தலையை உயர்த்தி அசையாமல் நின்றால் அது உங்களைக் கவனித்துவிட்டது என்று அர்த்தம். கூட்டம் கடந்ததும் பாய வேண்டாம், பின்னால் குட்டியோடு இன்னொன்று வரும். வாழைப்பழம் எறிகிறவர்களை நினைத்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது. வாகனத்தை மறித்தால் தின்ன வரும் என்று யானைக்குப் பழக்கிவிட்டதே அவர்கள்தான். இன்னொன்று: மண்டையோட்டுப் படத்தோடு சிவப்புப் பலகை கண்டால் சிறுநீர் கழிக்கக்கூட வீதியை விட்டு இறங்காதீர்கள், அங்கே கண்ணிவெடி முழுதாக அகற்றப்படவில்லை. பெற்றோலை வவுனியாவிலேயே நிரப்புங்கள். முறிகண்டிப் பிள்ளையாரடியில் நின்று கச்சான் வாங்கிக்கொண்டு நேரத்தைக் கணக்குப் பாருங்கள். இருட்டுக்கு முன் போய்ச் சேர முடியாதென்றால் கிளிநொச்சியில் தங்குங்கள்.

வெள்ளவத்தைவாசி:
அண்ணா, முல்லைத்தீவுக்குப் போகிறவன் மாங்குளத்திலேயே திரும்பிவிடுவான். முறிகண்டியும் கிளிநொச்சியும் அதற்கு அப்பால். எஞ்சினை நிறுத்தியதால்தான் அது அமைதியாக நின்றது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

பம்பலப்பிட்டி, சொந்த ஊர் ஒட்டுசுட்டான் பக்கம்:
நீங்கள் இருவரும் எஞ்சினைப் பற்றி வாதாடுகிறீர்கள். எங்கள் ஊரில் யானையோடு அப்படிப் பேசுவது வழக்கம்தான். என் பெரியப்பாவும் பேசுவார். வயலுக்குக் காவல் போன ஒரு இரவில் யானை அவரை அடித்துவிட்டது. விடிந்து நாங்கள் போனபோது டோர்ச் லைட் இன்னும் எரிந்துகொண்டு நெல்லுக்குள் கிடந்தது. மதம் ஒழுகும் யானை பேச்சுக் கேட்கும் என்று யாரும் நம்பிப் போக வேண்டாம். அந்த முதியவரும் நம்பி நின்றிருக்க மாட்டார். விறகோடு வீடு போக அவருக்கு அந்த ஒரு வீதிதான் இருந்திருக்கும்.