திருச்சியிலேர்ந்து கிழக்கே நாலு மணி, மேற்கே நாலு மணி

மன்னார்குடிக்காரன்:
துபாய் கிட்டக்க, சிங்கப்பூர் தூரம்னு எங்க பக்கம் ஒரு நெனப்பு இருக்கு. ரெண்டு ஊர்லயும் வேலை பாத்தவன் சொல்றேன், திருச்சியிலேர்ந்து வான்வழியா ரெண்டுமே ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர்தான். பறக்குறதும் நாலு, நாலேகால் மணி நேரம். ஏமாத்துறது கடிகாரம். ராத்திரி 12 மணிக்கு ஏறினா சிங்கப்பூர்ல இறங்குறப்ப விடிஞ்சு ஆறரை தாண்டியிருக்கும், அந்த ஊர் நமக்கு ரெண்டரை மணி முந்தி. துபாய் ஒன்றரை மணி பிந்தி, அதனால அங்க இன்னும் மூணுகூட ஆகியிருக்காது. டிக்கெட்ல போட்டிருக்கறது அந்தந்த ஊர் நேரம். அதை அப்படியே கழிச்சுப் பாத்துட்டு "துபாய் மூணு மணி நேரந்தான்"னு டீக்கடையில அடிச்சுப் பேசுவாங்க.

வேதாரண்யம் தம்பி:
அண்ணே, ஃபிளைட்டு நாலு மணி, சரி. எங்க வீட்லேர்ந்து திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி, தஞ்சாவூர்னு ஏர்போர்ட் வந்து சேரவே கார்ல நாலு மணி ஆகுதே! மூணு மணி நேரம் முன்னாடி வேற போய் நிக்கணும். வழியனுப்ப வேன்ல ஏறுற சனத்துக்கு தஞ்சாவூர்ல ஒரு டீ, யாருக்காவது வாந்தி வந்தா இன்னொரு நிறுத்தம். எங்க ஆத்தாவக் கேட்டா சிங்கப்பூர் ஒரு முழு நாள் பயணம்னுதான் சொல்லும். அது கணக்குதான் சரி.

கூத்தாநல்லூர் பாய்:
ஒரு நாளைக்கே இப்படியா? எங்க பாட்டனார் காலத்துல நாகப்பட்டினத்துல ரஜுலா கப்பல். கரைக்கு வராது, கடல்லயே நிக்கும். தகரப்பெட்டியோட படகுல போய் ஏறணும். பினாங்கைத் தொட்டு சிங்கப்பூர் போக ஒரு வாரம் பக்கம் ஆகும். 1926ல கட்டின கப்பல், 1970கள் வரைக்கும் ஓடுச்சு. எத்தனை கிலோமீட்டர்னு அவர் சொல்லி நான் கேட்டதே இல்ல. கடல் கொந்தளிச்ச கதைதான் சொல்வார்.

கும்பகோணம் அம்மா:
நான் மகனப் பாக்க பெங்களூர்லேர்ந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு நேரா போனேன். 14,000 கிலோமீட்டர் பக்கம், பதினேழு மணி நேரம். முன்னாடி இருக்குற திரையில மேப்பு ஓடுது, வண்டி கிழக்க போகுது! அமெரிக்கா மேற்கதானேன்னு எனக்கு பக்குன்னு ஆயிடுச்சு. பக்கத்து சீட்டுப் பையன்தான் சொன்னான்: "ரெண்டு பக்கமாவும் போகலாம் ஆன்ட்டி. மேல காத்து மேற்கேர்ந்து கிழக்க பலமா அடிக்கும், அது முதுகுல தள்ளினா எண்ணெய் மிச்சம்." மதியம் ஏறினவ அதே தேதி சாயங்காலம் இறங்கினேன். அமாவாசை விரதத்தை எந்த ஊர்ப் பஞ்சாங்கப்படி முடிக்கிறதுன்னு மருமகளோட பெரிய விவாதம்.

மன்னார்குடிக்காரன்:
அம்மா, திரும்பி வர்றப்ப ஒரு தேதியே காணாமப் போயிருக்குமே. தம்பி, டிக்கெட்ல போட்ட நேரத்துல விமானம் தரையில உருண்டு போறதும், தாமதமானா சமாளிக்க கொஞ்சம் கூடுதல் நேரமும் சேர்த்திதான். அதனாலதான் சில நாள் லேட்டா கிளம்பியும் சரியான நேரத்துக்கு இறக்கிடுறான்.

வேதாரண்யம் தம்பி:
அது சரிண்ணே. ராத்திரி ஃபிளைட்டுக்கு வேதாரண்யத்துலேர்ந்து வேன் போறவங்க யாராவது இருந்தா சொல்லுங்க, வாடகைய பாதியா போட்டுக்கலாம்.