உபுண்டு 24.04 இறக்கின கதை: உங்கட அனுபவத்தையும் சொல்லுங்கோ

நல்லூர்:
2024 ஏப்ரல் 25, வியாழக்கிழமை. விண்டோஸ் மாதிரி, ஆனால் இலவசமான உபுண்டு இயங்குதளத்தின்ர 24.04 பதிப்பு வெளிவந்த நாள். அந்த முறை காத்திருப்பு வழமையைவிடக் கூட. கோப்புகளைச் சுருக்கிற எக்ஸ்இசட் மென்பொருளுக்குள்ள ஆரோ பின்கதவு (கள்ளமா உள்ள புகுற வழி) வைச்சிருந்தது மார்ச் 29 வெளியில தெரியவந்து, சந்தேகமான மென்பொருள் பொதிகளைத் திரும்பக் கட்டினதால பீட்டா (சோதனைப் பதிப்பு) ஒரு கிழமை பிந்தினது. ஆனால் இறுதி வெளியீடு சொன்ன நாளுக்கே வந்துட்டுது.

எனக்கு அந்தரம். எங்கட சனசமூக நிலையத்தில 6 பழைய கணினி, சனிக்கிழமை பிள்ளையள் வரமுதல் போட்டு முடிக்கவேணும். டேட்டா நள்ளிரவுக்குப் பிறகுதான் தாராளம். 12 மணிக்கு, கிட்டத்து நாட்டு மிரர் (அதே கோப்புகளின்ர பிரதியை வைச்சிருக்கிற சேர்வர்) எண்டதுக்காக ஒண்டைத் தெரிஞ்சு தொடங்கினன். கொஞ்சத்தில பெயரை வடிவாப் பார்த்தால் இறங்கிறது பீட்டா! அந்த மிரருக்கு இறுதிப் பதிப்பு இன்னும் போய்ச் சேரேல்லை. ஃபோல்டரில திகதியைப் பார்த்திருந்தால் முதலே விளங்கியிருக்கும்.

வேறொண்டுக்கு மாறினன். 5.7 ஜிபி, இணைப்பு அறுந்து அறுந்து விடியத்தான் முடிஞ்சுது. அளவு சரி. ஆனால் எஸ்எச்ஏ256 செக்சம் (கோப்பு பழுதாகாமல் வந்திருக்கோ எண்டு ஒப்பிட்டுப் பார்க்கிற குறியீடு) பொருந்தேல்லை. உண்மையா அழுகை வந்துட்டுது.

கம்பஸில படிச்ச அண்ணை ஒராளுக்கு எடுத்தன். "அழிச்சுப்போடாதை தம்பி. உபுண்டுவின்ர டொரண்ட் கோப்பை எடுத்து, அதே ஃபோல்டரைக் காட்டி ரீசெக் (திரும்பச் சரிபார்ப்பு) குடு" எண்டார். டொரண்ட் எண்டது கனபேரின்ர கணினியளில இருந்து துண்டு துண்டா இறக்கிற முறை. அது இறக்கின கோப்பை ஒவ்வொரு துண்டாச் சரிபார்க்கும், பழுதான துண்டுகளை மட்டும் திரும்ப எடுக்கும். 100 எம்பிகூட இறங்கேல்லை, செக்சம் பொருந்திட்டுது! இப்ப நான் முதலே டொரண்டுக்குத்தான் போறது.

பருத்தித்துறை:
தம்பி, 2006 ஆகஸ்டில யாழ்ப்பாணத்துக்கு வாற ஏ9 வீதியைப் பூட்டின பிறகு எங்களுக்கு இறக்கிற யோசினையே இல்லை. ஷிப்இட் திட்டத்தில உபுண்டு சீடியை இலவசமா அனுப்புவாங்கள். மச்சான்ர கொழும்பு விலாசத்துக்கு 8.04 எடுப்பிச்சு, கப்பலில வந்த ஒராள் கொண்டுவந்து தந்தார். அந்த ஒரு சீடி எத்தினை வீடு போயிருக்கும்! 2011இல ஷிப்இட்டை நிப்பாட்டினது எனக்கு இண்டைக்கும் கவலை.

சுன்னாகம்:
செக்சத்தோட நிக்காதேங்கோ, ஜிபிஜி கையொப்பத்தையும் (வெளியிடுற ஆக்கள் தங்கட இரகசியச் சாவியால போடுற டிஜிட்டல் கையொப்பம்) பாருங்கோ. 2016 பெப்ரவரி 20 லினக்ஸ் மின்ட் எண்ட, உபுண்டு மாதிரி இன்னொரு இயங்குதளத்தின்ர இணையத்தளத்துக்குள்ள புகுந்தவங்கள், 17.3 சின்னமன் பதிப்பை இறக்கிற இணைப்பைப் பின்கதவு வைச்ச ஐஎஸ்ஓவுக்குத் (நிறுவுறதுக்கு இறக்கிற கோப்பு) திருப்பிவிட்டாங்கள். தளத்தையே பிடிச்சவனுக்குப் பக்கத்தில கிடக்கிற செக்சத்தை மாத்திறது பெரிய வேலையில்லை. கையொப்பம் போட அவனுக்குச் சாவி வேணும். பிள்ளையளின்ர கணினிக்குப் போடுற சாமான், அந்தப் 10 நிமிசத்தைச் செலவழியுங்கோ.

டெபியன் 13 (இதுவும் அப்பிடியொரு இயங்குதளம்) இறக்கி, கையொப்பம் பார்த்து வைச்சிருக்கிறன். கிட்ட இருக்கிற ஆக்கள் பென்டிரைவோட வாங்கோ.