நாலு குடில் வைத்திருப்பவனுக்கும் ஹோட்டல் விதிதானா?

கரையோரத்தான்:
காரைநகரில் காசூரினா கடற்கரைப் பக்கம் எங்களுக்கு ஓலை வேய்ந்த நாலு குடிலும், கூடாரம் அடிக்க ஒரு வளவும் இருக்கிறது. கொழும்பிலிருந்து வரும் பெடியள், லீவுக்கு வரும் வெளிநாட்டுச் சொந்தங்கள், இவ்வளவுதான் ஆட்கள். ஆடி ஆவணியில் நிறையும், கார்த்திகை மழைக்கு நாய்தான் படுத்திருக்கும். தங்குமிடம் வைத்திருப்பவர் எல்லோரும் சுற்றுலா அதிகார சபையில் பதிந்தே ஆகவேண்டும் என்று இறுக்கப் போகிறார்களாம். பிரதேச சபை உரிமம் போதாதா? வருமானத்தில் 1% வரியும் சேருமாமே?

நல்லூர்க்காரி:
1% பெரிய தலையிடி இல்லை அண்ணா, 100 ரூபாய்க்கு 1 ரூபாய். நான் திருவிழா 25 நாளுக்கும் அறை விடுகிறேன், பதிந்துதான் வைத்திருக்கிறேன். என்னை அலைய வைத்தது காணி உறுதி. அம்மாவின் சீதனக் காணி, இரண்டு சகோதரங்கள் வெளிநாட்டில், அற்றோணி (அவர்கள் சார்பில் கையெழுத்திட அதிகாரம் தரும் பத்திரம்) எழுதி வர எட்டு மாதம். உங்கள் உறுதி யார் பெயரில் என்று முதலில் பாருங்கள்.

பனங்கொட்டை:
கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தை மறந்துவிட்டீர்களே! 1981 சட்டப்படி கடலில் இருந்து நிலப்பக்கம் 300 மீட்டர் வரை கரையோர வலயம், அதற்குள் கட்டுமானம் என்றால் அனுமதி வேண்டும். குடிலுக்குச் சீமெந்துத் தளம் போட்டீர்களா, மண் தரையா? கேட்டால் "ஓலைதானே" என்று சொல்லித் தப்ப நினைக்காதீர்கள், எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படிச் சொல்லிவிட்டு இரண்டு கழிப்பறையை இடித்தார்.

கென்ட்வாசி:
நான் இங்கிலாந்தில் ஒரு காரவன் (காரில் இழுத்துச் செல்லும் வீட்டு வண்டி) பார்க்கில் வேலை. இங்கே 1960 காரவன் சட்டம், காணிக்குத் திட்ட அனுமதி, அதற்கு மேல் கவுன்சிலின் உரிமம், தீ பரவாமல் வண்டிகளுக்கு இடைவெளி, எல்லாம் உண்டு. ஆனால் 5 காரவன் வரை நிற்கும் சின்ன இடத்துக்கு, விலக்குப் பெற்ற முகாம் சங்கம் ஒன்று சான்று கொடுத்தால் அந்த உரிமம் தேவையில்லை. விவசாயிகள் வயல் ஓரத்தில் நடத்துவது இப்படித்தான். பதிவு வேண்டாம் என்று கத்துவதை விட, நாலைந்து குடிலுக்கெனப் பதிவில் தனிப் பிரிவு கேளுங்கள். எங்கள் ஆட்கள் சங்கமாகச் சேரமாட்டார்கள், அது வேறு கதை.

கரையோரத்தான்:
இரண்டு குடில் மண் தரை, இரண்டு சீமெந்து. உறுதி பேரன் பெயரில் (அம்மாவின் அப்பா), காலமாகி 19 வருடம். சரி, கனடா மாமாவின் கையெழுத்து வேண்டும் போல, போன பொங்கலில் இருந்து அவரோடு பேச்சில்லை.