எங்கள் கட்சி ஊராட்சித் தலைவர் மீது லஞ்சப் புகார்: பணம் கொடுத்தவர்களை எப்படிக் காப்பது?

வணக்கம். தென்காசி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் 14 வருடமாகக் கட்சிக் கிளைச் செயலாளராக இருக்கிறேன். ஊராட்சித் தலைவரும் எங்கள் கட்சிக்காரர்தான். வீடு வீடாகப் போய் அவருக்கு ஓட்டுக் கேட்டவனே நான். பிரதமர் வீட்டுத் திட்டத்தில் ஒவ்வொரு தவணையும் கணக்கில் ஏறியதும் பயனாளியிடம் 10,000 ரூபாய் வாங்குகிறார். எனக்குத் தெரிந்து ஐந்து வீட்டில் கொடுத்திருக்கிறார்கள். அதில் மூன்று பேர் கணவனை இழந்தவர்கள், கைமாற்று வாங்கிக் கொடுத்தார்கள். கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

மார்ச்சில் ஒன்றியச் செயலாளரிடம் நேரில் சொன்னேன். "தேர்தல் முடியட்டும், பார்க்கலாம்" என்றார். ஏப்ரலில் மாவட்டச் செயலாளருக்குப் பதிவுத் தபால். ஒப்புகை அட்டை வந்தது, பதில் வரவில்லை. மே 1 கிராம சபையில் எழுப்பினேன், தீர்மானப் புத்தகத்தில் ஏற்றவில்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கிய பயனாளிகள் பட்டியலும் தவணைத் தேதிகளும் கையில் இருக்கின்றன.

ஊராட்சிகள் சட்டம் 205-ஆம் பிரிவில் தலைவரை நீக்க ஆட்சியருக்கு அதிகாரம் உண்டு என்பது தெரியும். என் தயக்கம் வேறு. 2018 திருத்தத்துக்குப் பிறகு ஊழல் தடுப்புச் சட்டத்தில் லஞ்சம் கொடுப்பதும் குற்றம்; கட்டாயத்தில் கொடுத்தவர் 7 நாளுக்குள் புகார் செய்தால்தான் விலக்கு. இவர்கள் கொடுத்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஒரு அக்காவுக்கு மட்டும் கடைசித் தவணை இனிமேல்தான் வர வேண்டும். அவர் புகார் கொடுக்கத் தயார்.

அவர் மூலம் லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போனால், ஏற்கெனவே கொடுத்த மற்ற நால்வர் மீது வழக்குப் பாயாமல் இருக்க என்ன வழி?