807 வால்வு டிரான்ஸ்மிட்டர்: பிளேட் சிவக்கிறது, கிரிட் முள் இடப்புறம் சாய்கிறது

கேள்வி (மண்டபம்)

அனைவருக்கும் வணக்கம். என் தாய்மாமா கட்டிய 40 மீட்டர் மோர்ஸ் டிரான்ஸ்மிட்டரை மீண்டும் இயக்க முயல்கிறேன். அலையை உண்டாக்கும் ஆசிலேட்டரில் 6ஏஜி7 வால்வு, அதைப் பெருக்கும் கடைநிலையில் ஒற்றை 807 வால்வு. ஆசிலேட்டருக்கு 300 வோல்ட், 807-இன் பிளேட்டுக்கு (எலக்ட்ரான்கள் போய்ச் சேரும் முனை) 600 வோல்ட். இரண்டின் கேத்தோடும் (எலக்ட்ரான்களை உமிழும் முனை) ஒரே மோர்ஸ் சாவியில் சேர்கின்றன. கிரிட்டில் (பிளேட் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் முனை) மின்னோட்டம் 3.5 மில்லிஆம்பியர், டியூன் செய்தபின் பிளேட் மின்னோட்டம் 100 என்று மாமா குறித்து வைத்திருக்கிறார். இப்போதோ சாவியை அழுத்தினால் கிரிட் முள் 1-ஐத் தாண்டுவதில்லை. பிளேட் மின்னோட்டம் 160-க்கு ஏறி, டியூனிங் கெப்பாசிட்டரை எங்கே திருப்பினாலும் தெளிவாக இறங்காமல், சில விநாடிகளில் பிளேட் சிவந்துவிடுகிறது. சாவியை விட்ட நிலையில் கிரிட் முள் பூச்சியத்துக்கு இடப்புறம் சற்றே சாய்ந்து நிற்கிறது. வேறு 807 பொருத்தியும் இதே நிலைதான். ஆசிலேட்டரின் அதிர்வெண்ணை நிர்ணயிக்கும் கிரிஸ்டலைப் புதிதாக வாங்க வேண்டுமா?

பதில் (கீழக்கரை)

கிரிஸ்டலுக்குச் செலவு செய்யாதீர்கள். இடப்புறம் சாய்ந்த அந்த முள்ளே விடையைச் சொல்லிவிட்டது. கிரிட் மின்னோட்டம் எப்போதும் ஒரே திசையில்தான் ஓட வேண்டும். முள் எதிர்ப்புறம் போகிறது என்றால், ஆசிலேட்டரின் 300 வோல்ட் எங்கோ கசிந்து, கிரிட் ரெசிஸ்டர் வழியாகத் தரைக்கு இறங்குகிறது என்று பொருள். அதனால் 807-க்குக் கிடைக்க வேண்டிய எதிர்மின் பயாஸ் (கிரிட்டில் நிற்க வேண்டிய நிலையான மின்னழுத்தம்) குறைந்து, பிளேட் மின்னோட்டம் கட்டுமீறுகிறது. இரு நிலைகளையும் இணைக்கும் கப்ளிங் கெப்பாசிட்டரையே முதலில் சந்தேகிக்கிறேன்.

807-ஐக் கழற்றிவிட்டு, சாவியை அழுத்தாமல், சாக்கெட்டின் 3-ஆம் பின்னுக்கும் (அதுதான் கிரிட்) தரைக்கும் இடையே டிஜிட்டல் மீட்டரில் டிசி வோல்ட் பாருங்கள். பூச்சியம் தவிர வேறு எதுவும் வரக்கூடாது. 600 வோல்ட் தனி டிரான்ஸ்பார்மரில் வருமானால் அதை அணைத்தே வையுங்கள். வால்வின் உச்சியிலுள்ள பிளேட் கேப்பை மட்டும் கழற்றி 807-ஐ இயக்கிப் பார்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள்; அப்படிச் செய்தால் மின்னோட்டம் முழுவதும் ஸ்கிரீனில் (பிளேட்டுக்கும் கிரிட்டுக்கும் நடுவே உள்ள இரண்டாம் கிரிட்) பாய்ந்து அது எரிந்துவிடும். உள்ளே கை வைக்கும் முன், தரையோடு இணைத்த காப்பிடப்பட்ட கோலால் ஃபில்டர் கெப்பாசிட்டர்களை வெறுமையாக்குங்கள். மிச்ச மின்னூட்டத்தை வடிக்கும் பிளீடர் ரெசிஸ்டர் இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள், பழைய செட்டுகளில் அது அறுந்திருப்பது வழக்கம்.

பதில் (தொண்டி)

மேலே ஐயா சொன்ன சோதனை சரியானது. ஆனால் நம் கரையில் கெப்பாசிட்டரை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். அது பற்றவைக்கப்பட்டிருக்கும் பேக்கலைட் டேக் ஸ்டிரிப்பில் (பற்றவைக்கும் முனைகள் வரிசையாக உள்ள பட்டை) உப்புப் படிந்து, வாடைக்காற்றின் ஈரமும் சேர்ந்தால், 300 வோல்ட் முனையிலிருந்து பக்கத்துக் கிரிட் முனைக்கு மேற்பரப்பிலேயே பாதை உண்டாகிவிடும். கெப்பாசிட்டரின் ஒரு காலை மட்டும் எடுத்துவிட்டு மீண்டும் அளந்தால் இரண்டையும் பிரித்தறியலாம். பெட்ரோலும் ஸ்பிரிட்டும் உப்பைக் கரைப்பதில்லை. வடிநீரில் தூரிகை நனைத்துத் துடைத்து, பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தடவி, நன்றாக உலர விடுங்கள். காயில்களிலும் டிரான்ஸ்பார்மரிலும் நீர் படவே கூடாது.

கேட்டவர் (மண்டபம்)

இருவருக்கும் நன்றி. 3-ஆம் பின்னில் 12 வோல்ட் இருந்தது. கெப்பாசிட்டரின் காலை எடுத்த பிறகும் 3 வோல்ட் மிஞ்சியதால், ஸ்டிரிப்பும் கசிகிறது என்று தெரிந்தது. துடைத்துப் பார்க்காமல் அதை நீக்கிவிட்டு, பீங்கான் தாங்கியில் 1 கிலோவோல்ட் சில்வர் மைக்கா கெப்பாசிட்டரைப் பொருத்தினேன். இப்போது கிரிட் 3.5 காட்டுகிறது, பிளேட் மின்னோட்டமும் டியூன் செய்யும்போது தெளிவாக இறங்குகிறது. சிவந்துபோன அந்த முதல் 807-ஐ இனி நம்பலாமா?

பதில் (கீழக்கரை)

பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கண்ணாடியின் உட்புறத்தில் ஒட்டினாற்போல் நீல ஒளி தெரிந்தால் கவலையில்லை. மின்முனைகளுக்கு நடுவே ஊதா மூட்டம் நின்றால் உள்ளே வாயு சேர்ந்திருக்கிறது. மூட்டம் இல்லையென்றால் டம்மி லோடில் (ஆண்டெனாவுக்குப் பதிலாக இணைக்கும் ரெசிஸ்டர்), குறைந்த மின்னோட்டத்தில், சில நிமிடம் ஓட்டுங்கள். கிரிட் மின்னோட்டம் மெல்லக் குறைய, பிளேட் மின்னோட்டம் தானாக ஏறத் தொடங்கினால், உடனே அணைத்து அந்த வால்வை ஒதுக்கிவிடுங்கள்.